குறைமாதக் குழந்தையும் அம்மம்மாவின் கைகளும்

‘பத்து மாதம் சுமந்து பெற்றவள்’ என்று தாயைப் பற்றி நம்மவர் கூறுவது வெறும் அலங்கார வார்த்தையன்று, சரியான கணக்குமாகும். இருபத்தெட்டு நாட்களை ஒரு திங்களாகக் கொண்டால் பத்துத் திங்களுக்கு 280 நாட்கள். வைத்தியர்கள் கூறும் 40 வாரக் கணக்கும் அதுவே. இக்கணக்கில் 37 வாரங்கள் நிறைவதற்கு முன்னரே உலகைக் காண வந்துவிடும் சிசுவைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். 2020ஆம் ஆண்டில் மாத்திரம் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தனவென உலக சுகாதார தாபனம் கணித்துள்ளது. பிறக்கும் குழந்தைகளிற் பத்தில் ஒன்று என்பது இதன் பொருள். எனவே, இது எங்கோ, யாருக்கோ நேரும் அபூர்வ சம்பவமன்று. நம் உற்றார் வீட்டிலோ அயல் வீட்டிலோ இத்தகைய குழந்தை ஒன்று இருக்கவே செய்யும்.

மன்னார்த் தீவில், நகரத்துக்கு அணித்தாய்க் கடலோரத்தில் அமைந்துள்ள கீரி என்னும் ஊரை வாசகர்கள் பலர் அறிவர். நீராடுவதற்கேற்ற அதன் கடற்கரையை நாடி விடுமுறை நாட்களிற் குடும்பத்துடன் செல்வோர் பலர். அக்கீரியில் ஒரு வீட்டை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். வீட்டுக்காரன் கடற்றொழில் செய்பவன். அவன் மனைவி, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையில் 32ஆம் வாரத்திற் பிறந்த தன் தலைப்பிள்ளையை, சில வாரங்களின் பின் வீட்டுக்குக் கொண்டுவருகிறாள். இரண்டு கிலோவை இப்போதுதான் எட்டிப் பிடித்திருக்கிறது குழந்தை. தாய்க்கு அதைத் தொடவே அச்சம். வீட்டு வாசலிலோ, ஐந்து பிள்ளைகளை வளர்த்தெடுத்த அம்மம்மா, எண்ணெயைச் சூடாக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

“அம்மா, பிள்ளையைத் தொடாதேயுங்கோ” என்கிறாள் மகள்.

“உன்னை வளர்த்தது ஆரடி?” என்கிறாள் தாய்.

இந்த இரண்டு வார்த்தைகளுக்கிடையிலேதான் அக்குழந்தையின் கை கால்களின் எதிர்காலம் ஊசலாடுகிறது என்று கூறினால் மிகையாகாது. மகள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. குறைமாதக் குழந்தை என்பது நிறைமாதக் குழந்தையின் சிறிய வடிவம் அன்று. அதன் தோலும் எலும்பும் சுவாசப்பையும் மூளையும் வேறான நிலையில் இருப்பவை. அம்மம்மாவின் துணிவிலும் நியாயம் உண்டு. தொடாமலும் அணைக்காமலும் படுக்கையிற் கிடத்தி வைக்கப்படும் குழந்தை நன்கு வளர்வதில்லை என்பதை இன்று உலகத்து வைத்திய நிபுணர்களே ஒப்புக்கொள்கின்றனர். இருவரையும் ஒரே பாயில் இருத்திப் பேசவைப்பதே நமது நோக்கம்.

கருப்பையில் இறுதி மூன்று மாதங்களில் நிகழ்வது யாது? குழந்தை பருக்கிறது, இடம் குறைகிறது. முழங்கால்கள் வயிற்றோடும், கைகள் மார்போடும், நாடி நெஞ்சோடும் ஒட்டி, குழந்தை ஓர் உருண்டையாக மடங்குகிறது. அது உதைக்கும்போதெல்லாம் கருப்பையின் சுவர் எதிர்த்துத் தள்ளுகிறது. இதுவே அதன் முதல் தேகாப்பியாசம். உதைப்பதும் மடங்குவதுமாகிய இவ்விளையாட்டில் தசைகள் முறுக்கேறுகின்றன. உடலின் நடுவெல்லை எதுவென மூளை கற்றுக்கொள்கிறது. இரண்டு மாதம் முந்திப் பிறந்த குழந்தைக்கு இப்பயிற்சி கிடைப்பதில்லை. நீரில் மிதந்த உடல் திடீரெனத் தட்டையான படுக்கையிற் கிடத்தப்படுகிறது. தசைகளுக்குப் புவியீர்ப்பை எதிர்க்கும் வலிமை இல்லாமையால், கைகளும் கால்களும் மல்லாந்த தவளையினுடையவை போல் இருபுறமும் விரிந்து விழுகின்றன. நீண்ட நாட்கள் இவ்வாறே கிடந்தால், தோள்கள் பின்வாங்கிய நிலையில் இறுகிக் கைகளை முன்கொணர்ந்து சேர்ப்பதும், பின்னர் கவிழ்வதும் தவழ்வதும் கடினமாகின்றன. இதன் பொருட்டே வைத்தியசாலைகளில் தாதியர் துணியைச் சுருட்டிக் குழந்தையைச் சுற்றிலும் குருவிக்கூடு போல அமைத்து, அவயவங்களை மடக்கி வைக்கின்றனர்.

துணிக்கூட்டினும் மேலான கூடு ஒன்று உண்டு. அது தாயின் மார்பு.

1978ஆம் ஆண்டு, கொலம்பியா தேசத்தின் தலைநகராகிய பொகோட்டாவில், எட்கார் ரெய் சனாப்ரியா என்னும் குழந்தை வைத்தியர், சூடேற்றும் பெட்டிகள் போதாமையாற் பெரும் இக்கட்டுக்குள்ளானார். ஒரே பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கிடத்தியதால் தொற்று நோய்கள் பரவின. ஆகவே அவர், குழந்தைகளை வெறும் உடலுடன் தாய்மாரின் மார்பில் நிமிர்த்தி வைத்துத் துணியாற் கட்டிவிடும் முறையைத் தொடக்கினார். அடுத்த ஆண்டு எக்தோர் மார்த்தினெஸ் என்னும் வைத்தியரும் அவருடன் இணைந்தார். வயிற்றுப் பையிற் குட்டியைச் சுமக்கும் கங்காருவின் பெயரால் இதனைக் ‘கங்காருத் தாய்ப் பராமரிப்பு’ என்றனர். வறுமையின் நிமித்தம் பிறந்த இம்முறையைச் செல்வந்த நாடுகளும் பின்னர் மேற்கொண்டன. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் உலக சுகாதார தாபனத்தின் ஆதரவுடன் நடத்தப்பெற்ற ஆராய்ச்சியின் முடிவு 2021இல் வெளியாயிற்று. ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையுள்ள மூவாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் அதில் இடம்பெற்றனர். உடல்நிலை சீராகும் வரை காத்திராது, பிறந்தவுடனேயே தாயின் மார்பிற் சேர்க்கப்பட்டவர்களுள் 28 நாட்களுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 12 பேர். வழமைப்படி காத்திருந்து சேர்க்கப்பட்டவர்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய 16 பேர். நன்மை இவ்வளவு தெளிவாகத் தென்பட்டமையால் ஆராய்ச்சியைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டனர்.

உயிர் காப்பதோடு இதன் பயன் முடிந்துவிடுவதில்லை. மார்பிற் கவிழ்ந்து கிடக்கும் குழந்தையின் கால்கள் மடங்கி, கைகள் நடுவே சேர்கின்றன. தாய் மூச்சு விடுந்தோறும் அதன் உடல் ஏறி இறங்குகிறது. விழித்திருக்கும் வேளையில், தாயின் குரல் வரும் திசையை நாடிக் கழுத்தைச் சிறிதே உயர்த்த முயல்கிறது. பின்னாளிற் குப்புறக் கவிழ்ந்து தலைநிமிர்த்தும் வித்தைக்கு இதுவே அரிச்சுவடி. தினமும் எட்டு மணி நேரம் முதல் இயன்ற அளவு நேரம் வரை இவ்வாறு வைத்திருக்குமாறு 2022இல் உலக சுகாதார தாபனம் பரிந்துரைத்தது. இலங்கையிலும் இம்முறை கையாளப்படுகிறது.

எட்டு மணி நேரம் தாய் ஒருத்தியால் மாத்திரம் எங்ஙனம் இயலும் என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். பால் கறந்தூட்டி, பத்தியம் உண்டு, உறக்கமுமின்றி இருப்பவள் அவள். கடலிலிருந்து திரும்பும் தகப்பன் நன்றாகக் குளித்து, கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, குழந்தையைத் தன் மார்பில் ஏற்றுக்கொள்ளட்டும். வலையிழுத்த அகன்ற மார்பின் சூடு குழந்தைக்கு இதமானதே. ஆண்பிள்ளைக்கு இது ஆகாது என்று நகைப்போர் இருப்பின், அவர்களை அடுப்படிக்கு அனுப்பிச் சரக்குக் கறி அரைக்கச் சொல்லலாம்! அம்மம்மாவின் மார்பும் அவ்வாறே உதவும். புகைப்பவரும், தடிமன் காய்ச்சல் உள்ளவரும் மாத்திரம் விலகியிருத்தல் வேண்டும்.

இனி, அம்மம்மாவின் எண்ணெய்க் கிண்ணத்துக்கு வருவோம்.

பிரான்சு தேசத்து மகப்பேற்று வைத்தியரான பிரெடெரிக் லெபோயே, கல்கத்தாவிற் சாந்தலா என்னும் தாய் தன் குழந்தையைக் கால்களில் கிடத்தி எண்ணெயிட்டு உருவுவதைக் கண்டு வியந்து, 1976இல் அவள் பெயராலேயே ஒரு நூல் வெளியிட்டார். அந்நூல் பல நாடுகளுக்குச் சென்றது. நம் பாட்டிமார் காலை நீட்டி அமர்ந்து இலவசமாகச் செய்த காரியத்தைக் கற்பிப்பதற்கு மேனாடுகளில் இன்று கட்டண வகுப்புகள் நடைபெறுகின்றன. இதிற் பெருமை கொள்வதைக் காட்டிலும், அவர்கள் அதை எவ்வாறு சோதித்தறிந்தார்கள் என்று அறிவதே நமக்குப் பயன் தரும். அமெரிக்காவில், மயாமி நகரத்து உளவியல் அறிஞர் டிஃபனி ஃபீல்டு என்பவரும் அவருடைய குழுவினரும் 1986இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆபத்துக் கட்டத்தைக் கடந்த 20 குறைமாதக் குழந்தைகளுக்குத் தினம் மும்முறை, ஒவ்வொரு முறையும் 15 நிமிடமாக, பத்து நாட்கள் உடலை உருவி, கை கால்களை மெல்ல மடக்கி நீட்டினர். உருவப்படாத 20 குழந்தைகளை விட இவர்களின் அன்றாட எடையேற்றம் நூற்றுக்கு 47 வீதம் கூடியிருந்தது. சுமார் ஆறு நாட்கள் முந்தியே வீடு திரும்பவும் முடிந்தது. உடலசைவுகளிலும் முதிர்ச்சி காணப்பட்டது. நாற்பதே குழந்தைகளைக் கொண்ட சிறு ஆராய்ச்சி இது என்பதை மாணவ வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பின்வந்த ஆராய்ச்சிகள் எடை கூடுதலைப் பெரும்பாலும் ஆமோதித்தன. ஆனால், உருவிவிடுவதால் மட்டுமே குழந்தை விரைந்து நடக்கும் என்று உறுதி கூறத்தக்க சான்று இல்லை. குறைமாதக் குழந்தைகளை எண்ணெயிட்டு உருவுவதை ‘மேற்கொள்ளலாம்’ என்ற அளவிலேயே 2022இல் உலக சுகாதார தாபனமும் நிறுத்திக்கொண்டது. குடும்பத்தார் பராமரிப்பிற் பங்குகொள்வதையோ அது ஐயத்துக்கிடமின்றிப் பரிந்துரைத்தது. கையைக் காட்டிலும் கைக்குரியவரே முக்கியம் போலும்.

எண்ணெயிலும் வேற்றுமை உண்டு. மும்பாயில் 2005இல் வெளியான ஆராய்ச்சியொன்று, தேங்காயெண்ணெய் தேய்க்கப்பட்ட குழந்தைகள் கனிம எண்ணெய் தேய்க்கப்பட்டவர்களினும் கூடுதலாக எடையேறினர் எனக் கண்டது. அதே ஆண்டில் டாக்காவிலிருந்து வெளியான ஆராய்ச்சி, சூரியகாந்தி எண்ணெய் பூசப்பட்ட குறைமாதக் குழந்தைகளிடம் இரத்தத்தில் நோய்க்கிருமி தொற்றுதல் குறைந்தது எனக் கூறியது. மெல்லிய தோலுக்கு எண்ணெய் ஒரு வேலியாக அமைகிறது. கடுகெண்ணெய் தோலின் காப்பைக் கெடுக்கக்கூடும். கீரி வீட்டில் தேங்காயெண்ணெய்க்குக் குறைவிராது. அது போதும், வாசனைப் பொருள் எதுவும் கலத்தல் வேண்டா.

செய்யும் முறையைச் சிறிது விரித்துக் கூறுவோம். வைத்தியரோ தாதியோ அனுமதித்த பின்னரே தொடங்குதல் வேண்டும். காற்று வீசாத, வெதுவெதுப்பான அறை, கதவைச் சாத்திக்கொள்க. கீரியின் கடற்காற்று நமக்கு இன்பம். ஈர உடலோடு கிடக்கும் குறைமாதச் சிசுவுக்கு அது பகை. மோதிரமும் வளையலும் கழற்றப்பட வேண்டும். நகம் வெட்டப்பட வேண்டும். பாலூட்டிய உடனேயும் கூடாது, பசித்தழும்போதும் கூடாது. குழந்தை அமைதியாக விழித்திருக்கும் வேளையே ஏற்றது. உள்ளங்கை முழுவதும் படிய, மெதுவாக, ஆயின் திடமாக நீவுக. விரல் நுனியால் மயிலிறகு போல வருடினாற் குழந்தை கூச்சங்கொண்டு நெளியுமேயன்றி அமைதியுறாது. தலை, தோள், முதுகு, இடுப்பு, கால், கை என்ற வரிசையில் நீவிய பின், கால்களை ஒவ்வொன்றாக வயிற்றை நோக்கி மடக்கி, மீண்டும் தானாகவே நீள விடுக. கைகளிரண்டையும் நெஞ்சின் நடுவே சேர்த்து, பின் விடுக. இழுத்தல் கூடாது. பத்து அல்லது பதினைந்து நிமிடங்கள் போதும்.

அதற்கு முன்பே குழந்தை ‘போதும்’ என்று கூறுமாயின் நிறுத்திவிடல் வேண்டும். பேசாத குழந்தை எப்படிக் கூறும்? விரல்களை விசிறி போல் விரிக்கும், கொட்டாவி விடும், விக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உதடு நீலம் பாய்ந்தாலோ மூச்சு இடையிடையே நின்றாலோ, அது வைத்தியசாலைக்கு உடனே கொண்டோடவேண்டிய அறிகுறி.

அம்மம்மா கைவிட வேண்டியனவும் சில உள. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுதல், ஊதிச் சளியெடுத்தல், மூக்கைப் பிடித்து நிமிர்த்துதல், தலையை உருட்டி வடிவமைத்தல், மார்பிற் பாலைப் பிதுக்குதல், கால்களைப் பற்றித் தலைகீழாகத் தூக்குதல், சாம்பிராணிப் புகை காட்டுதல் ஆகிய இவை நிறைமாதக் குழந்தைக்கே தீங்கு தருபவை. மூக்கில் விடப்படும் எண்ணெய் சுவாசப்பையைச் சேர்ந்து பெரும் நோயை உண்டாக்கும். ஏணையைப் பற்றிய நமது கருத்து அம்மம்மாவுக்கு உவப்பாயிராது என்பதை அறிவோம். ஆயினும் சொல்லித்தான் ஆகவேண்டும்: துணியேணையின் வளைவிற் குறைமாதக் குழந்தையின் நாடி நெஞ்சில் அழுந்தி மூச்சுக்குழல் ஒடுங்கக்கூடும். உறங்கும்போது மட்டமான, அழுத்தமான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துவதே பாதுகாப்பு.

நம் தமிழ் நூல்களில் இதற்குத் துணைசெய்யும் செய்தியொன்று இருப்பது வியப்பை அளிக்கிறது. பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தம் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாக வகுப்பதை மாணவர்கள் படித்திருப்பர். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடும் செங்கீரைப் பருவத்தை ஐந்தாம் மாதத்துக்கும், அமர்ந்து கைகொட்டும் சப்பாணிப் பருவத்தை ஒன்பதாம் மாதத்துக்கும் உரியவையாகக் கொள்வர். தளர்நடையிட்டு வருமாறு அழைக்கும் வருகைப் பருவம் ஓராண்டை ஒட்டியது. கழுத்து, கை, இடுப்பு, கால் என்று மேலிருந்து கீழாக வலிமை இறங்கிவரும் முறையை நம் புலவர்கள் கூர்ந்து நோக்கியிருக்கின்றனர். இன்றைய வைத்தியமும் அவ்வொழுங்கையே கூறுகிறது.

ஆனால் எந்த நாளிலிருந்து மாதத்தை எண்ணுவது? இங்கேதான் பல தாய்மார் வீணே கண்ணீர் விடுகின்றனர். 32ஆம் வாரத்திற் பிறந்த குழந்தை எட்டு வாரம் முந்தி வந்தது. பிறந்து ஏழு மாதமானபோது, பிறக்கவேண்டிய நாளிலிருந்து கணக்கிட்டால் அதற்கு ஏறக்குறைய ஐந்து மாதமே. ஆகவே அயல்வீட்டுப் பிள்ளை ஐந்தாம் மாதத்திற் செங்கீரையாட, நம் பிள்ளை ஏழாம் மாதத்தில் ஆடினால் அது பிந்தவில்லை. உரிய காலத்திலேயே ஆடுகிறது. இதனைத் திருத்திய வயது என்பர். இரண்டு வயது வரை இக்கணக்கையே கொள்வது வழக்கம். கலியாண வீட்டிலோ கோயில் வீதியிலோ, “இன்னும் இருக்கவில்லையோ?” என்று கேட்போருக்கு, “எட்டுக் கிழமை கழித்துப் பாருங்கோ” என்று தாய் விடையிறுக்கலாம். தனித்து நடப்பதிலும் இயல்பான குழந்தைகளிடையே பெரும் வேறுபாடு உண்டு. உலக சுகாதார தாபனம் பல நாட்டுக் குழந்தைகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட அளவுகளின்படி, எட்டு மாதத்தில் நடந்த குழந்தையும் உண்டு. பதினேழரை மாதத்தில் நடந்த குழந்தையும் உண்டு.

அதற்காக, ‘எல்லாம் தானே சரியாகும்’ என்று கண்ணை மூடிக்கொள்வதும் தவறே. குறைமாதப் பிறப்புக்கும், கை கால் இறுகும் பெருமூளை வாதத்துக்கும் தொடர்புண்டு என்பதை இலண்டன் வைத்தியர் வில்லியம் லிட்டில் 1861இலேயே எடுத்துரைத்தார். முன்னர், குழந்தைக்கு ஒன்றரை இரண்டு வயதாகும் வரை இதனை உறுதியாகக் கூற இயலாதிருந்தது. ஐரோப்பிய நரம்பியல் அறிஞர் ஹைன்ஸ் பிரெக்டல் என்பவர் எளியதொரு வழியைக் கண்டார். திருத்திய வயதில் மூன்று மாதம் முதல் ஐந்து மாதம் வரை, மல்லாந்து விழித்திருக்கும் இயல்பான குழந்தையின் கழுத்தும், உடலும், மணிக்கட்டும், கணுக்காலும் இடையறாது சிறுசிறு நெளிவசைவுகளைக் காட்டும். இவ்வசைவுகள் முற்றாக இல்லாவிடின் பெருமூளை வாதம் வருமென்று பெரும்பாலும் முன்னறியலாம் என அவரும் அவர் குழுவினரும் 1997இல் வெளியிட்டனர். இதற்குக் கருவி வேண்டியதில்லை. பயின்ற கண்ணும், குழந்தை அசைவதைச் சில நிமிடம் பிடித்த படமும் போதும்.

உருவிவிடும் வழக்கத்தின் பெரிய பயன் இங்கேதான் உள்ளது என்பது எமது கருத்து. குழந்தையின் உடல் முழுவதையும் தினந்தோறும் கையால் அறிந்து பார்ப்பவர் யார்? மாதத்துக்கு ஒருமுறை காணும் வைத்தியர் அல்லர், அம்மம்மாவே. இடக்கால் நேற்றையிலும் இன்று விறைப்பாக இருப்பதை முதலில் உணர்வது அவள் உள்ளங்கை. திருத்திய வயதில் நான்கு மாதமாகியும் தலை நிற்காமை, கைகள் எப்போதும் பொத்தியே இருத்தல், கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடத்தல், துணி மாற்றும்போது கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளல், ஒன்பது மாதமாகியும் அமராமை, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மாத்திரம் உபயோகித்தல் என்பவற்றுள் ஒன்றைக் கண்டாலும் வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். கடைசியாகக் கூறியதைப் பலர் ‘பிள்ளை இடக்கைக்காரன்’ என்று மகிழ்ச்சியோடு விட்டுவிடுகின்றனர். இவ்வறிகுறிகள் எல்லாம் நோயென்று ஆகிவிடா. எனினும் மூளை வேகமாக வளரும் முதலாண்டிலேயே பயிற்சி தொடங்குவதாற் கிடைக்கும் நன்மையைப் பின்னர் பெறுதல் அரிது.

விழித்திருக்கும் நேரங்களில் குழந்தையைப் பாயிற் கவிழ்த்து, முன்னே ஒருவர் படுத்து முகங்காட்டிப் பேசுவதும், வலப்புறமும் இடப்புறமும் மாறி மாறிக் கிலுகிலுப்பையை ஆட்டுவதும் சிறந்த அப்பியாசங்கள். முதலில் ஒரு நிமிடம், பின்னர் மூன்று நிமிடம் எனக் கூட்டுக. இதற்கு வீட்டிலுள்ள பாடசாலைப் பிள்ளைகளே தகுந்த ஆசிரியர்கள். கடையில் விற்கும், நடுவே குழந்தையைத் தொங்கவிடும் சில்லு வைத்த நடைப்பொறியை வாங்கி வருவோரைத் தடுத்துவிடுக. அது நடையைக் கற்பிப்பதில்லை. விபத்துகள் மலிந்தமையால் கனடா தேசம் 2004இல் அதன் விற்பனையையே தடைசெய்தது. எழுந்து நிற்கப் பழகிய பிள்ளை தானே பிடித்துத் தள்ளிச் செல்லும் நம் பழைய மர நடைவண்டி வேறு. அதற்கு நாம் எதிரியல்லோம்.

இலங்கையின் முதலாவது சுகாதாரப் பகுதி 1926இற் களுத்துறையில் நிறுவப்பட்டது. அதுமுதற் படிப்படியாக வளர்ந்த ஒழுங்கின் பயனாக, இன்று குடும்பநல மருத்துவமாது வீடு தேடி வருகிறாள். பிரசவத்தின் பின் முதற் பத்து நாட்களுக்குள் அவள் இருமுறையாவது வருதல் விதி. குழந்தை வைத்தியசாலையில் இருந்து காலந்தாழ்த்தி வீடு வந்திருப்பின், வந்த செய்தியை அவளுக்கு உடனே அறிவிப்பது குடும்பத்தாரின் கடமை. கண், செவிப் பரிசோதனைகளுக்கெனக் குறித்த நாட்கள் குறைமாதக் குழந்தைக்கு மிக முக்கியமானவை. யாழ்ப்பாணம் வரை செல்ல நேரினும் தவறவிடலாகாது. அவள் வரும் நாளில் அம்மம்மாவையும் அருகே இருத்தி, எண்ணெயிட்டு உருவுவதை அவள் முன்னிலையிலேயே ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். பிழையிருப்பின் அவள் திருத்துவாள். குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டின் முதற் பக்கத்தில், பிறந்த திகதிக்குக் கீழே பிறந்திருக்கவேண்டிய திகதியையும் எழுதுவித்துக்கொள்ளுங்கள். பின்வரும் இரண்டு ஆண்டுகளுக்கும் மாதங்களை எண்ணவேண்டியது அந்த இரண்டாவது திகதியிலிருந்தே.